புறப்புண்ணும் தொடாக்காஞ்சியும்

முடங்கிய காலையும் கெட்டுப்போன தோலையும் நொடியில் சரியாக்கிவிடுகிற ஊர்கள் எங்கள் மாவட்டத்தில் இரண்டு இருக்கின்றன. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், சாபத்தால் கால் முடங்கிய முயலாகிப்போன முனிவர் ஒருவர் பழைய உருவைத் திரும்பப் பெற்றார். தலபுராணம் மட்டுமல்ல, ஞானசம்பந்தரின் பதிகமே அந்த முடக்கால் முயலைச் சொல்கிறது. அங்கிருந்து தெற்கே நாற்பத்தைந்து கிலோமீட்டர் போனால் சிதம்பரம். கௌட தேசத்து இளவரசன் சிங்கவர்மன் மேனி கெட்டு வந்தான். சிவகங்கைக் குளத்தில் மூழ்கினான். பொன் நிறத்தோடு எழுந்து இரணியவர்மன் ஆனான். இது உமாபதி சிவம் பாடிய கோயிற்புராணம். அதே தில்லையில் திருநீலகண்டக் குயவரும் அவர் மனைவியும் கிழடாகிக் குளத்தில் இறங்கி இளமையோடு கரையேறினார்கள். நந்தன் நெருப்புக்குள் போய்ப் புது மேனியோடு வெளியே வந்தார் (வந்தாரா என்பது வேறு விவாதம். நிறையவே பேசியிருக்கிறோம்).

இந்தக் கதைகளில் தோல் என்பது கழற்றிப் போடுகிற சட்டை. முழுகுவதற்கு முன்னால் ஒரு தோல், எழுந்த பிறகு வேறு தோல். இடையில் காலம் என்று ஒன்று கிடையாது. யாரும் காத்திருப்பதில்லை. யாரும் துணி மாற்றுவதில்லை, சீழ் துடைப்பதில்லை. சிங்கவர்மன் குளத்துக்கு வந்து சேரும்வரை அவனை யார் கழுவிவிட்டார்கள் என்று புராணம் கேட்காது. கேட்க வேண்டியவர்கள் நாம். நாமும் கேட்டதில்லை.

ஏனென்றால் இந்த இரண்டு ஊர்களைச் சுற்றி வேறு மாதிரியான உடல்கள் படுத்துக் கிடக்கின்றன. பனையிலிருந்தும் பலாவிலிருந்தும் விழுந்தவர்கள். சென்னைக்கோ பெங்களூருக்கோ கட்டட வேலைக்குப் போய்ச் சாரம் சரிந்து விழுந்தவர்கள். நெடுஞ்சாலையில் பைக்கோடு போனவர்கள். தண்டுவடம் அறுபட்டு, இடுப்புக்குக் கீழோ கழுத்துக்குக் கீழோ உணர்வு இல்லாமல் திண்ணையிலும் நடுவீட்டிலும் கட்டில் போட்டுக் கிடப்பவர்கள். இவர்களைக் கொல்வது பெரும்பாலும் விழுந்த அடி அல்ல. முதுகின் கீழ்ப்பக்கத்தில், வால் எலும்புக்கு மேலே, ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கறுக்கிற தோல்.

படுக்கைப்புண் என்கிறோம். பெயரே தப்பு. புண்ணை உண்டாக்குவது படுக்கை அல்ல, அழுத்தம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பவருக்கு உட்காரும் எலும்பில் வருகிறது. ஒருக்களித்தே கிடப்பவருக்கு இடுப்புப் பக்கவாட்டிலும், மல்லாந்தே கிடப்பவருக்குக் குதிகாலிலும் வருகிறது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் நசுங்குகிற சதைக்கு ரத்தம் போவது நின்றுவிடுகிறது. நமக்கும் அப்படி நசுங்கத்தான் செய்கிறது. ஆனால் நரம்பு சேதி சொல்லிவிடும், தூக்கத்திலேயே புரண்டுவிடுவோம். தண்டுவடம் அறுபட்டவருக்கு அந்தச் சேதி வராது. எலும்பை ஒட்டிய ஆழத்துச் சதைதான் பல சமயம் முதலில் சாகிறது, தோல் கடைசியாகத் திறக்கிறது. மேலே காசளவு ஓட்டை, உள்ளே கைமுட்டி போகிற பள்ளம். வியர்வை, மூத்திர ஈரம், இழுத்துப் போடும்போது ஏற்படும் உராய்வு, ரத்தசோகை, புரதமில்லாத சாப்பாடு எல்லாம் கூடச் சேர்ந்துகொள்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சு நரம்பியலில் இதைப் பற்றி ஒரு சண்டை நடந்திருக்கிறது. நமக்கு மிகவும் உபயோகமான சண்டை. ஷார்க்கோ என்கிற பெரிய மருத்துவர், நரம்பு செத்தால் சதை தானாகவே அழுகும், அது உடம்பின் விதி என்று கருதினார். வேகமாகப் பரவுகிற படுக்கைப்புண்ணைச் சாவுக்குச் சகுனம் என்றே பெயரிட்டார். அவருக்கும் முன்பே, 1850களில், பிரௌன் செக்கார் என்பவர் தண்டுவடம் வெட்டப்பட்ட விலங்குகளை அழுத்தமில்லாமல் சுத்தமாக வைத்திருந்தால் புண் வருவதில்லை என்று காட்டியிருந்தார். ஜெயித்தது ஷார்க்கோவின் பேச்சுதான். விதி என்று சொல்லிவிட்டால் யாருக்கும் வேலை இல்லை பாருங்கள். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், முதுகு முறிந்த போர்வீரர்களை இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட ஆள் வைத்தார், தானும் புரட்டினார். சாகப்போகிறவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் பிழைத்தார்கள். நான்கு வருஷம் கழித்து அதே மைதானத்தில் சக்கர நாற்காலியில் வில்வித்தைப் போட்டி நடந்தது. இன்றைய பாராலிம்பிக்கின் தொடக்கம் அது. புது மருந்து மட்டும் இதைச் செய்யவில்லை. புரட்டுவதற்குக் கைகள் இருந்தன.

ஆக இந்தப் புண்ணை உடம்பில் வைத்து மட்டும் வாசிக்க முடியாது. அது நேரத்தில் இருக்கிறது. இரண்டு மணிக்கு ஒருமுறை என்றால் நாளைக்குப் பன்னிரண்டு, வருஷத்துக்கு 4380 தடவை. ஒருவர் முதுகில் எழுதப்பட்டிருப்பது, அவரைச் சுற்றியிருப்பவர்களின் நேரம் யாரால், எதற்காக எடுத்துக்கொள்ளப்பட்டது என்கிற கணக்கு.

இனி தமிழுக்கு வருவோம். புண்ணைப் பற்றி நம் மரபு வாய் ஓயாமல் பேசியிருக்கிறது. ஆனால் எந்தப் புண்? மார்பில் பட்டால் விழுப்புண், முதுகில் பட்டால் புறப்புண். ஒன்று புகழ், மற்றது அவமானம். வெண்ணிப் போர்க்களத்தில் கரிகாலனோடு மோதிய சேரமான் பெருஞ்சேரலாதன், நெஞ்சில் பாய்ந்த ஆயுதம் முதுகிலும் புண் செய்துவிட்டது என்பதற்காக நாணி வடக்கிருந்து உயிர்விட்டான். மகன் புறமுதுகில் பட்டுச் செத்தான் என்று கேள்விப்பட்ட கிழவி, அது உண்மையானால் பால் கொடுத்த முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போனதைக் காக்கைபாடினியார் பாடினார். மேடையில் இதை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! திராவிட இயக்க மேடை, தமிழ்த்தேசிய மேடை, கல்லூரி முத்தமிழ் விழா, எதிலும் மாற்றமில்லை. புண் என்றால் மார்பு, மார்பு என்றால் ஆண்.

படுக்கைப்புண் சொல்லிவைத்தாற்போல் புறப்புண். முதுகில்தான் வருகிறது. சுமக்கிறவருக்கே தெரியாத இடத்தில் வருகிறது. போரில் வாங்கியதில்லை, ஊருக்குக் காட்ட முடியாது, வாடை அடிக்கிறது. (நெடுநல்வாடையில் வாடை வடகாற்று, எங்கள் ஊர்ப் பேச்சில் வாடை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவைக்கும் நாற்றம். அந்தப் பாட்டிலும் அரசன் நள்ளிரவில் புண்பட்ட வீரர்களைப் பார்க்கப் போகிறான். வாடைக் காற்று விளக்குச் சுடரைச் சாய்க்கிறது. புண்ணின் வாடை பாட்டில் இல்லை.)

தோல் கெடுகிற மற்ற நிலைகளுக்குத் தமிழ்ச் சமூகம் ஏதோவொரு மொழியை வைத்திருந்தது. அம்மை கண்டால் அம்மா வந்திருக்கிறாள். வேப்பிலை உண்டு, தண்ணீர் ஊற்ற நாள் உண்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் தாளிக்காமல் இருப்பார்கள். குஷ்டத்துக்கு விலக்கலின் மொழி இருந்தது. கொடூரமானது என்றாலும் மொழிதான். படுக்கைப்புண்ணுக்குச் சாமியும் இல்லை, சடங்கும் இல்லை, வசவும்கூட இல்லை. ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது, அதுவும் நோயாளியைப் பார்த்துச் சொல்வதில்லை, அவர் மனைவியையோ தாயையோ பார்த்துச் சொல்வது: "சரியாப் பாத்துக்கலியாம்மா?"

இந்த வாக்கியத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. கொள்ளிடக்கரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பனையிலிருந்து விழுந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆன ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். "எம் முதுவு எனக்குத் தெரியாது தம்பி. அவ சொல்றதுதான் எம் முதுவு" என்றார். இப்போது அந்த அம்மாள் செல்போனில் படம் பிடித்துக் காட்டுகிறார். முதன்முதலில் பார்த்த அன்று அவர் சாப்பிடவில்லையாம். அந்த அம்மாள் புண்ணைப் பற்றிப் பேசிய தமிழை நான் எம்.ஏ.யில் படித்ததில்லை. கறுத்திருக்கு, ஈரம் கோக்குது, குழி விழுந்திருக்கு, நூல் நூலா வருது, ஊன் வைக்குது, ஓரத்துல தோல் கூடி வருது. ஊன் வைப்பது என்றால் பள்ளத்தில் மாதுளை முத்து நிறத்தில் புதுச்சதை எழுவது. நாள்கணக்கில் உற்றுப் பார்த்தவருக்குத்தான் இப்படி வார்த்தை வரும். மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டுப் பார்த்திருக்கிறார். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி, நுரை பொங்குவதைப் பார்த்து அழுக்கு போகிறது என்று நம்பியிருக்கிறார். அது புதுச்சதையையும் சேர்த்து அரித்துவிடும், உப்புத் தண்ணீர் போதும் என்று ஒரு நர்ஸ் சொன்ன பிறகுதான் நிறுத்தினாராம்.

வீட்டில் ஒரு நோட்டு இருந்தது, பிள்ளையின் பழைய கணக்கு நோட்டு. மணி போட்டு, பக்கத்தில் இ, வ, ம என்று எழுத்து. இடது, வலது, மல்லாக்க. நடவும் களையெடுப்பும் நடக்கிற மாதங்களில் காலை ஆறரையிலிருந்து மதியம் வரை கோடு மட்டும் போட்டிருந்தது. அந்த நேரம் வீட்டில் இருப்பது மாமியார். மகனைப் புரட்டுகிற பலம் அவருக்கு இல்லை. "வேலை இருக்கற மாசம் முட்டை வாங்குவேன், புண்ணு வந்துடும். வேலை இல்லாத மாசம் புண்ணு ஆறும், முட்டைக்கு எங்க போறது" என்றார். புண் ஆறப் புரதம் வேண்டும், புரதம் வாங்கக் கூலி வேண்டும், கூலிக்குப் போனால் புரட்ட ஆளில்லை. இந்த வட்டத்தை அரசியல் பொருளாதாரம் என்று சொல்லாமல் வேறென்னவென்று சொல்வது? "சரியாப் பாத்துக்கலியா" என்ற கேள்வி, கூலியும் கொடுக்காமல் ஆளும் கொடுக்காமல் ஒரு பெண்ணிடம் கணக்குக் கேட்கிறது. புண் அவளுக்கு எதிரான குற்றப்பத்திரிகை ஆகிவிடுகிறது.

ஆனால் அவசரப்பட்டு எல்லாவற்றையும் வறுமைக்கு எழுதிவிடவும் முடியாது. சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோஃபர் ரீவ் 1995இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். பணமும் ஆட்களும் குறைவில்லாமல் இருந்தவர். 2004 அக்டோபரில் அவர் இறந்தபோது, கிருமி பிடித்த படுக்கைப்புண்ணுக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. எல்லாம் செய்தும் வருகிற புண் உண்டு. "எல்லாப் புண்ணும் கவனக்குறைவு" என்ற மருத்துவ ஒழுக்கவாதமும், ஷார்க்கோவின் "எல்லாம் விதி"யும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தெரிந்தாலும், இரண்டுமே நடுவிலிருக்கிற உழைப்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

இந்த உழைப்புக்குத் தமிழ்க் கவிதையியலில் இடமே இல்லையா? இருந்திருக்கிறது. தொல்காப்பியப் புறத்திணையியலில் காஞ்சித் திணையைச் சொல்லும்போது தொடாக்காஞ்சி என்று ஒரு துறை வருகிறது. புண்பட்டுக் கிடப்பவனைப் பேய் வந்து தொட்டுவிடாமல் மனைவி காப்பது. அதற்குச் சற்று முன்னால் இன்னொன்றும் வருகிறது: காக்க ஆளே இல்லாமல் கிடக்கிற புண்பட்டவனைப் பேயே காப்பது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்த மூளையை நினைத்தால் எனக்கு ஆச்சரியம் தீர்வதில்லை. ஆளில்லாத வீட்டில் பேய்தான் பார்த்துக்கொள்ளும்! வகுப்பறையில் காஞ்சி என்றால் நிலையாமை என்று சொல்லி ஒரு மதிப்பெண் கேள்வியாக முடித்துவிடுகிறோம். நிலையாமைக்குள் இவ்வளவு வேலை நடந்துகொண்டிருக்கிறது என்பது கண்ணில் படுவதில்லை.

புறநானூற்றின் 281ஆம் பாட்டு, அரிசில்கிழாருடையது, இந்த வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறது. வீட்டு இறப்பில் வேப்பிலையும் இரவமரத்து இலையும் செருகுவது, யாழ் மீட்டுவது, மையிடுவது, வெண்சிறுகடுகு தூவுவது, குழல் ஊதுவது, மணி அடிப்பது, காஞ்சி பாடுவது, வீடு முழுக்க நறும்புகை எழுப்புவது. புகை எதற்கு என்று வாடையோடு இருந்தவர்களுக்குத் தெரியும். மணி எதற்கு? இரவெல்லாம் விழித்திருக்க வேண்டுமே. முக்கியமானது இதுதான்: அந்தப் பாட்டில் பேசுகிற பெண் தனியாகக் காப்பதில்லை, தோழியைக் கூப்பிடுகிறாள், வா காக்கலாம் என்று. காப்பது இங்கே பன்மையில் இருக்கிறது. இதை அப்படியே தூக்கிக் கொண்டாட வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தப் புண்ணும் தலைவனின் போர்ப்புண்தான், காப்பவளும் பெண்தான். ஆனாலும் விழுப்புண்ணின் பெருமையிலிருந்து பார்வையைத் திருப்பி, புண்ணோடு கழிகிற இரவை எழுதுவதற்கு ஒரு துறை இருந்தது. அந்தத் துறையைக் கைவிட்டது நாம்தான்.

நவீன இலக்கியத்தில் அதன் மிச்சத்தைத் தேடினால் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த ஒருவரிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' முடமானவர் கதையல்ல. ஆனால் ஓர் ஆண், ஜவுளிக்கடைச் சம்பளக்காரர், நோயாளி மனைவியைப் பார்த்துக்கொள்கிற அன்றாடத்தை இவ்வளவு பொறுமையாக எழுதிய கதை தமிழில் எனக்கு வேறு தெரியவில்லை. பிரமநாயகம் பிள்ளைக்குப் பட்டணத்தில் கூப்பிடத் தோழர் இல்லை. 281இல் இருக்கிற பன்மை இங்கே ஒருமையாகச் சுருங்கியிருக்கிறது. பிழைக்கப் பட்டணம் வந்த குடும்பத்தின் கதி அது. எங்கள் மாவட்டத்துக்காரரான இமையத்தின் 'செல்லாத பணம்' (2018) எரிந்த தோலின் நாவல். ஜிப்மர் தீக்காய வார்டுக்கு வெளியே ஒரு குடும்பம் காத்துக் கிடப்பதை எழுதியது. காத்திருப்பை எழுதியதில் அது பெரிய நாவல். ஆனால் அந்தக் காத்திருப்புக்குச் சாவு ஒரு முடிவைக் கொடுத்துவிடுகிறது. சாவும் இல்லை, ஆறுதலும் இல்லை, அடுத்த வருஷமும் இதே துணிமாற்றல் என்கிற காலத்துக்கு நாவல் வடிவம் இன்னும் நம்மிடம் இல்லை. முடம் பெரும்பாலும் பாவத்தின் சம்பளமாகவோ பரிதாபத்தின் கருவியாகவோதான் கதைக்குள் வந்துபோகிறது.

கோட்பாட்டுக்காரர்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. தொண்ணூறுகள் தொடங்கி உடல், உடல் என்று எழுதித் தள்ளினோம். அது இச்சிக்கும் உடல், அல்லது தண்டிக்கப்படும் உடல். பூக்கோவின் புத்தகம் ஒரு மனிதனை நடுத்தெருவில் சித்திரவதை செய்வதில் தொடங்குகிறது. வலிதான் அங்கே அதிகாரத்தின் கையெழுத்து. வலியே இல்லாமல் கெடுகிற உடலை எப்படி வாசிப்பது? இதற்கு வேலூரில் ஒரு பதில் கிடைத்திருந்தது. தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அன்றாட உபயோகத்திலேயே காயப்பட்டு அழிகின்றன என்று அங்கே வேலை பார்த்த பால் பிராண்ட் கண்டுகொண்டார். அவரோடு வேலை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் முதுகெலும்பு முறிந்து, பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966இல் வேலூரில் உருவான மறுவாழ்வு நிலையத்துக்குப் பின்னால் இருந்தவர் அவர். உணர்விழந்த உடம்பு உணர்விழந்த கையைப் பழுது பார்த்தது. நம் உடலரசியல் கட்டுரைகளில் இந்தப் பெயர் வந்து நான் பார்த்ததில்லை. கிறிஸ்தவ சேவை என்று ஒதுக்கிவிட்டோமோ என்னவோ.

தொடுதல் என்று வரும்போது சாதியும் வருகிறது, தவிர்க்க முடியாது. புண்ணைக் கழுவுவது, மலம் எடுப்பது, சீழ்த்துணி துவைப்பது யாருடைய வேலை என்று இந்தச் சமூகம் எழுதி வைத்திருக்கிறது. வீட்டுக்குள் அது பெண்ணின் வேலை, வீட்டுக்கு வெளியே தலித்தின் வேலை. 'கோவேறு கழுதைகள்' ஆரோக்கியம் ஊரின் தீட்டுத்துணியை வெளுத்ததும் இந்த ஏற்பாட்டில்தான். தில்லைக் கதைகளில் நீலகண்டர் தொடமாட்டேன் என்று சபதம் செய்தவர், நந்தன் தொடக்கூடாது என்று நிறுத்தப்பட்டவர். இரண்டு தொடாமையையும் அற்புதம்தான் தீர்த்துவைக்கிறது. படுக்கைப்புண்ணில் அற்புதத்துக்கு வேலையில்லை. ஒருவர் இன்னொருவரைத் தொட்டே ஆகவேண்டும், நாளைக்குப் பன்னிரண்டு முறை.

அரசு என்ன செய்கிறது என்றால், ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கான மாதப் பராமரிப்புத் தொகை 2023 ஜனவரியில் 2000 ரூபாய் ஆனது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இயன்முறை சிகிச்சையையும் நோய்த்தணிப்பு சிகிச்சையையும் வீட்டுக்குக் கொண்டுவருவதாகச் சொன்னது. 2016ஆம் வருஷச் சட்டம் உயர் ஆதரவு தேவைப்படுவோர் என்ற கருத்தை ஏற்று, 38ஆம் பிரிவில் அதற்கு விண்ணப்பிக்க வழியும் சொல்கிறது. ஆனால் எப்போதாவது வந்துபோகிற கை வேறு, இரண்டு மணிக்கொருமுறை வேண்டியிருக்கிற கை வேறு. காற்று மெத்தை கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்றும் நினைக்க முடியாது. மெத்தை இருந்தாலும் புரட்டத்தான் வேண்டும். 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு எங்கள் மாவட்டத்துக் கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாத காற்று மெத்தை வெறும் ரப்பர் விரிப்பு. முந்திரி போச்சு, பலா போச்சு என்று எழுதினோம், சரிதான். கணக்கில் வராத இந்த இழப்பை எழுதவில்லை.

281இன் தோழி எங்கே இருக்கிறாள் என்று கேட்டால் எனக்கு இரண்டு இடங்கள் தெரியும். கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து 1975இல் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கம் ஒன்று. 2009 வன்னிப் போரில் செல்லடியில் தண்டுவடம் அறுந்தவர்கள் சேர்ந்து மாங்குளத்தில் நடத்துகிற உயிரிழை இன்னொன்று. மாங்குளத்தை நம்மவர்கள் படிக்க வேண்டும் என்று குறிப்பாகச் சொல்வேன். விழுப்புண்ணைப் பாடிய இயக்க மேடைகளெல்லாம் ஓய்ந்த பிறகு, அந்தப் போரின் புறப்புண்ணோடு மிஞ்சியவர்கள் அவர்கள். யாருடைய வீரக்கதைக்கும் இப்போது அவர்கள் தேவைப்படுவதில்லை.

நம் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டியது சின்ன விஷயம்தான். கடலூரிலும் சிதம்பரத்திலும் நம் கூட்டங்கள் பெரும்பாலும் மாடியில் நடக்கின்றன. கீழே நடந்தாலும் மூன்று மணி நேரம் தொடர்ந்து உட்கார வேண்டும். நாற்காலியில் இருப்பவர் கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை கையூன்றி எழும்பியோ முன்னால் சாய்ந்தோ உடம்பின் பாரத்தை ஒன்றிரண்டு நிமிஷம் இறக்க வேண்டும். அது முடியாதவருக்குக் குப்புறப் படுக்க ஒரு பாயும், அவரைத் திருப்பிவிட இரண்டு பேரும் வேண்டும். கொள்ளிடக்கரைக்காரர் நிறையப் படிக்கிறார், குப்புறப் படுத்துத் தலையணையில் புத்தகத்தைச் சாய்த்துவைத்து. போன கூட்டத்துக்கு அவரைக் கூப்பிடப் போனபோது முதலில் அவர் கேட்டது, பேசப்போகிறவர் யார் என்பதல்ல. "அங்க படுக்க எடம் இருக்குமா தம்பி?"